பூனைக்கு மாத்தாள்

எங்கள் ஊர் வெங்காய மண்டியில் நான்கு சுமைதூக்கிகள் உண்டு: மேஸ்திரி காசிமாயன், ஆரோக்கியம், வெள்ளைச்சாமி, பெருமாள். நால்வரும் தங்கமான ஆட்கள். தங்கத்துக்கும் மூளை கிடையாது, கவனியுங்கள்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. எவனாவது வேலைக்கு வர முடியாவிட்டால் அவனுக்குப் பதிலாக இன்னொருவன் நிற்க வேண்டும். அவனுக்கு மாத்தாள் என்று பெயர். இந்தச் சட்டத்தை மூட்டை தூக்குவதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஆரோக்கியத்துக்குக் கல்யாணத்தன்று காய்ச்சல் வந்தபோது, வெள்ளைச்சாமி அவனுடைய கோட்டை மாட்டிக்கொண்டு சர்ச்சில் போய் நின்றுவிட்டான். பாதிரியார் விரட்டியிராவிட்டால் இன்றைக்கு வெள்ளைச்சாமிக்கு இரண்டு குடும்பம்.

மண்டி முதலாளி ரங்கநாயகி அம்மாள். பிள்ளைகுட்டி இல்லாதவர். மைனர் என்ற வெள்ளைப் பூனைதான் அவருக்கு எல்லாம். அந்த மைனருக்கு வந்தது சர்க்கரை நோய். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டும். தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் கிளம்பிய அம்மாள் நால்வரையும் கூப்பிட்டார்.

"இங்க பாருங்கப்பா. காதுல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இந்த மெஷின்ல வச்சு நம்பரை எழுதுங்க. அம்பது கிராம் மீன் வையுங்க. சாப்பிட்டதும் பிடரித் தோலை லேசாத் தூக்கி ரெண்டு யூனிட் ஊசி போடுங்க. ஒரு வேளை தவறக் கூடாது. தவறுச்சுன்னா அது செத்துரும்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மைனருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் மண்டியை இழுத்துப் பூட்டிருவேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் காலை மீனை நிறுத்தார்கள். மண்டித் தராசு மூட்டை நிறுக்கிற தராசு. அவித்த மீனில் ஒரு துண்டு வைத்தால் முள் அசையவில்லை.

"மீனுக்கு எடையே இல்லையே மேஸ்திரி" என்றான் ஆரோக்கியம்.

"செத்த மீனுல்ல? உசுரு போகும்போது எடையும் சேர்ந்து போயிருக்கும்" என்றான் வெள்ளைச்சாமி.

முள் அசையும்வரை வைத்துக்கொண்டே போனார்கள். இரண்டு கிலோவில் அசைந்தது.

அடுத்தது ரத்தம். ஆரோக்கியம் மைனரின் காதைத் தொட்டான். மைனர் அவன் முழங்கையில் நான்கு கோடு கிழித்துவிட்டு, மூட்டை அடுக்கின் உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. நால்வரும் கீழே வட்டமாகக் கூடினார்கள்.

"மைனர் இன்னிக்கு வேலைக்கு வரமாட்டேங்கிறான். சட்டப்படி என்ன செய்யணும்?" என்றார் மேஸ்திரி.

"மாத்தாள் போடணும்."

"போடலாம். ஆனா பொருத்தமான ஆளா இருக்கணும். மத்தியானம் தூங்கணும். சொம்பு சொம்பாத் தண்ணி குடிக்கணும். நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒதுங்கப் போகணும்."

எல்லோரும் பெருமாளைப் பார்த்தார்கள். பெருமாள் மூன்றாவது சொம்பில் இருந்தான்.

அவன் காதில் குத்தி மெஷினில் வைத்தார்கள். முந்நூற்று எண்பது என்று காட்டியது.

"முன்னூத்தி எம்பதா!" வெள்ளைச்சாமி பெருமாளின் முதுகில் தட்டிக்கொடுத்தான். "நம்ம நாலு பேரும் சேர்ந்துகூட இவ்வளவு மார்க் வாங்கினதில்லையேடா!"

"ஊசி யாருக்கு மேஸ்திரி? மைனருக்கா, பெருமாளுக்கா?" என்றான் ஆரோக்கியம்.

"மூட்டை தூக்கினவனுக்குக் கூலியா, படுத்துக் கிடந்தவனுக்கா?" என்று மேஸ்திரி திருப்பிக் கேட்டார்.

ஆகவே பெருமாள் அந்த இரண்டு கிலோ மீனையும் தின்றான். அந்தப் பகுதியில் அவனுக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை. பிறகு இரண்டு பேர் அவன் பிடரித் தோலைப் பிடித்துத் தூக்க, மேஸ்திரி ஊசியைப் போட்டார். பெருமாள் "அய்யோ!" என்று அலறினான்.

"மைனர் அப்படியா கத்துவான்? மாத்தாளா வந்தா ஒழுங்கா இருக்கணும்" என்று அதட்டினார் மேஸ்திரி.

பெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மியாவ்" என்றான்.

இப்படியே இரண்டு நாள், ஒரு வேளை தவறாமல் நடந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் பார்த்தால், மைனர் தண்ணீர்க் கிண்ணத்துப் பக்கத்தில் துவண்டு கிடக்கிறது. கூப்பிட்டால் வாலைக்கூட அசைக்கவில்லை. நால்வரும் ஓடிவந்து அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மண்டியை விடுங்கள், மைனர் மேல் அவர்களுக்கும் உயிர்தான். மேஸ்திரி கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார்.

"நம்பர் என்ன காட்டுது?" என்றார் டாக்டர்.

"முன்னூத்தி எம்பதுங்கய்யா."

"சாப்பிடுதா?"

"வேளைக்கு ரெண்டு கிலோ மீனுங்க."

"எடை எவ்வளவு இருக்கும்?"

"தொண்ணூறு கிலோங்க."

டாக்டர் எடையை இன்னொரு தரம் கேட்டார்; தொண்ணூறேதான். பிறகு டாக்டர், "உடனே கூடையில வச்சு மூடிக் கொண்டுவாங்க" என்றார்.

பெருமாளைப் பெரிய வெங்காயக் கூடையில் உட்கார வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டினார்கள். நோயாளி என்றால் துணைக்கு ஒரு ஆள் வேண்டாமா? மைனரை அவன் மடியில் வைத்தார்கள். மைனர் பிழைத்தது அந்தத் துணையாலேதான். கூடையைத் திறந்த டாக்டர் எதுவும் கேட்காமல் பூனையை மட்டும் வாரிக்கொண்டு உள்ளே ஓடினார்.

விடியும்போது மைனர் தலை தூக்கியது. தகவல் கேட்டுக் கல்யாண வீட்டுப் புடவையோடு வந்து இறங்கிய ரங்கநாயகி அம்மாள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். "நல்ல நேரத்துல கொண்டுவந்து சேத்தீங்களேப்பா, நீங்க நல்லா இருக்கணும்" என்று நால்வரையும் கும்பிட்டார். டாக்டர் பெருமாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த முன்னூத்தி எம்பது உன் நம்பர்தானே? சர்க்கரை உனக்கும் இருக்குய்யா. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு. விட்டா உசுருக்கே ஆபத்து."

பெருமாளுக்கு முகம் செத்துப்போயிற்று. "சோத்தை விடச் சொல்லிருவாங்களா மேஸ்திரி?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

மறுநாள் காலை பார்த்து இரண்டு லாரி வெங்காயம் வந்து நின்றது. மேஸ்திரிக்கோ இடுப்புப் பிடிப்பு. பெருமாளும் இல்லாவிட்டால் லாரி நகராது. கூட்டம் போட்டார்கள். இந்த முறை விவாதம் சுருக்கமாக முடிந்தது.

"ரெண்டு நாள் மைனருக்காக பெருமாள் நின்னான். ஒரு நாள் பெருமாளுக்காக மைனர் நிக்கட்டும்."

அம்மாள் குளிக்கப் போன நேரம் பார்த்து, மேஸ்திரி மைனரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றார். ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். நர்ஸம்மா சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"பெருமாள் வந்திருக்காரா?"

"வந்திருக்காரும்மா."

"வெறும் வயிறுதானே?"

மேஸ்திரி பொய் சொல்லாத மனிதர். "இல்லம்மா. வர்ற வழியில ஒரு எலி சாப்பிட்டாரு."

காலையிலிருந்து இருநூறு பேரைப் பார்த்த நர்ஸம்மா தலை நிமிரவில்லை. "எதைச் சாப்பிட்டாலும் சாப்பாடுதான். முதல்ல அந்தப் பழக்கத்தை விடச் சொல்லுங்க. நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க. அடுத்த ஆளு!"

மண்டியில் பெருமாள் லாரியிலிருந்து குதித்து ஓடிவந்தான். "என்ன மேஸ்திரி சொன்னாங்க?"

மேஸ்திரி அவன் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மனசைத் தேத்திக்க பெருமாளு. இனிமே நீ எலி சாப்பிடக் கூடாதாம்."

பெருமாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

"அவ்வளவுதானா மேஸ்திரி? நான் சோத்தை விடச் சொல்லுவாங்களோன்னு பயந்தே போயிட்டேன். எலிதானே? இன்னையோட விட்டுட்டேன்."