சாமரக்காரி வாங்கிய வாய்

முன்னொரு காலத்தில் கொன்றையூர் நாட்டைக் கனகசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், நேரத்துக்கு ஒரு புத்தி என்பதைத் தவிர. ஆனால் மடியில் வீணை ஏறிவிட்டால் நாடு தாங்காது. அரண்மனைப் புறாக்களெல்லாம் கோயில் கோபுரத்துக்குக் குடிபோனதற்கு அந்த வாசிப்புதான் காரணம்.

சபையில் பதினாறு பேர் இருந்தார்கள். ராஜா தந்தியைத் தொடுமுன்பே பதினாறு தலையும் ஆடும். முதலில் ஆடுவது சபைத் தலைவர் மகுடேசரின் தலை. கேட்டுக் கேட்டு ராஜாவுக்குத் தலைகால் புரியாமல் போயிற்று. பக்கத்து நாட்டு ராஜாவோடு வீணைப் போட்டி வைத்துக்கொள்ளத் தீர்மானித்தார். பந்தயம் என்ன தெரியுமா? தோற்றவர் தரவேண்டியது ஏரிப் பாசனமுள்ள ஏழு ஊர்கள்! ஓலை எழுதியாகிவிட்டது, முத்திரை வைப்பதுதான் பாக்கி.

"என்ன மகுடேசரே, ஜெயிப்பேனா?"

"மகாராஜா! போட்டியே அவர்களுக்கு நாம் போடும் பிச்சை."

"தோத்துப்போவீங்க சாமி" என்றது சிம்மாசனத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

பதினாறு தலையும் அந்தப் பக்கம் திரும்பின. பேசியவள் காத்தாயி, பதினான்கு வருஷமாக ராஜாவுக்குச் சாமரம் வீசுகிறவள். இப்போதும் கை நிற்காமல் வீசிக்கொண்டிருந்தாள்.

ராஜாவின் முகம் சிவந்தது. "என்னிடமே இப்படிப் பேச உனக்கு எங்கிருந்து வந்தது இந்த வாய்?"

"வாங்கினேன் சாமி."

"வாங்கினாயா?"

"ஆமாங்க. எனக்கு மாசக் கூலி எட்டு மரக்கால் நெல்லு. வீட்டுக்குப் போனதும் மொதல்ல ரெண்டு மரக்காலைத் தனிக் குதிர்ல கொட்டிடுவேன். மிச்சத்துலதான் குடித்தனம். வெலை ஏறுற மாசத்துல குதிர் நெல்லை வித்தேன், ஒரு எருமை வாங்கினேன். அது போட்ட கன்னும் வளந்து கறவைக்கு வந்துச்சு. இன்னிக்கு நெய் வித்தே எனக்கு மாசம் ஏழு மரக்காலுக்கு வருது. என் செலவு ஆறுதான். இங்க வர்றது என் இஷ்டம் சாமி, வயித்துக்காக இல்ல. அதனால வாய் இருக்கு."

எனக்கு இந்தக் காத்தாயியை ரொம்பப் பிடிக்கும். இதைச் சொல்லும்போதுகூட அவள் குரல் உயரவில்லையாம்.

மகுடேசருக்கு வயிறு எரிந்தது. ராஜா ஒரு சாமரக்காரி பேச்சை இவ்வளவு நேரம் கேட்கிறாரே! "கஞ்சத்தனமாகப் பட்டினி கிடந்து சேர்த்தவளுக்குப் பேச்சைப் பார்!" என்றார்.

"பட்டினி எதுக்குங்க ஐயா? தினம் நெய் ஊத்தித்தான் சாப்பிடுறேன். எங்க வீட்டு எருமை நெய். நீங்க திருவிழாவுக்குத் திருவிழா பல்லக்கு மாத்துறீங்க, நான் மாத்துறதில்ல. அவ்வளவுதான்."

பதினாறு பேரில் யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார்.

"மகாராஜா, இவள் கூலியை மூன்று மாதம் நிறுத்துங்கள். வாய் தானாக மூடிக்கொள்ளும்" என்றார் மகுடேசர்.

"நல்ல யோசனைங்க சாமி" என்றாள் காத்தாயி. "ஆனா என் கூலியோட சபையில உக்கார்ற பதினாறு பேர் சம்பளத்தையும் நிறுத்திப் பாருங்க. யாருக்கு வாய் இருக்குன்னு தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் முத்திரை வைங்க."

ராஜாவுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. "ஆகட்டும்!" என்றார். மகுடேசருக்கு வெற்றிலை தொண்டையில் சிக்கியது. மாதம் நாற்பது கலம் நெல் சம்பளம் வாங்கி நாற்பத்திரண்டு கலம் செலவழிக்கிறவர் அவர்.

முதல் மாதம் மகுடேசர் வீட்டுச் சமையல்காரர் வேலையை விட்டு நின்றுகொண்டார். இரண்டாம் மாதம் பல்லக்குத் தூக்கிகள் போனார்கள். மூன்றாம் மாதம் அவர் புழுதிக் காலோடு நடந்தே சபைக்கு வந்தார். மற்றவர்கள் பாடும் ஏறக்குறைய அதேதான். காத்தாயி மட்டும் எப்போதும்போல் வந்தாள், வீசினாள், வீட்டுக்குப் போய் எருமை கறந்தாள்.

கெடு முடிந்த அன்று அவள் ராஜாவிடம் ரகசியமாக ஒன்று சொன்னாள். சபையில் திரை கட்டினார்கள். "மகாராஜா திரைக்குப் பின்னால் வாசிப்பார். கேட்டுவிட்டு, போட்டிக்குப் போகலாமா என்று சொல்லுங்கள்" என்று அறிவித்தார்கள்.

உள்ளிருந்து சத்தம் எழும்பியது. டொய்ங்... டொய்ங்... டொடொய்ங்!

"ஆஹா!" என்று மகுடேசர் கண்ணீரே விட்டார். "இது தோடியா, தேவலோகமா? இன்றே முத்திரை வையுங்கள் மகாராஜா! ஏழு ஊர் போதாது, பதினான்கு கேளுங்கள்!" பதினாறு தலையும் காற்றடித்த கதிராக ஆடின.

"அப்படியா?" என்று ராஜாவின் குரல் கேட்டது. எங்கிருந்து? மகுடேசருக்கு நேர் பின்னாலிருந்து!

திரை விலகியது. உள்ளே மெத்தைக்குப் பஞ்சு கொட்டும் ஆள் ஒருவர், கையில் நாண் அதிரும் வில்லோடு, தலையெல்லாம் பஞ்சாக உட்கார்ந்திருந்தார். "இன்னும் அரை மூட்டை பாக்கிங்க" என்றார் அவர்.

ராஜா சிரிக்கவில்லை. ஓலையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "ஏழு ஊர் ஜனங்களை உங்கள் தலையாட்டலை நம்பித் தொலைத்திருப்பேன்" என்றார்.

மகுடேசர் காலில் விழுந்தார். "மகாராஜா, உண்மையைச் சொல்லி வேலை போனால் மறுநாளே என் அடுப்பு எரியாது. அந்தப் பயம்தான்."

"நிறுத்திய சம்பளம் எல்லாருக்கும் கிடைக்கும்" என்றார் ராஜா. "ஆனால் இனி மாதாமாதம் உம் சம்பளத்தில் பத்துக் கலம் உம் பேரிலேயே தனிக் குதிருக்குப் போகும். சாவி காத்தாயியிடம். என் வாசிப்பு எப்படி என்று நீர் உள்ளபடி சொல்லும் நாளில் சாவி உமக்கு."

காத்தாயிக்கு ஏழு ஊர்க் குதிர்களையும் மேற்பார்வையிடும் அதிகாரம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "நாளைக்குச் சாமரம் வீச வருவாயா காத்தாயி?" என்று கேட்டார். நாட்டுக்கே ராஜா, கட்டளையிடவில்லை, கேட்டார்!

"வாரேன் சாமி" என்றாள் அவள்.

மூன்று வருஷம் ஓடியது. ஒருநாள் ராஜா ஆசையாக வீணையை எடுத்து வாசித்தார். மகுடேசர் எழுந்தார். பல்லக்கு இல்லாமல் நடந்து நடந்து உடம்பு இளைத்திருந்தது, குதிர் பெருத்திருந்தது. காத்தாயியைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மகாராஜா, காது வலிக்கிறது."

ராஜா வீணையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். காத்தாயி இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்தாள்.