காவித்துணி முடிச்சு

பௌர்ணமிக்கு இன்னும் ஐந்து நாள். அன்றைக்குக் காவி தருவதாக மடத்துக் குரு சொல்லியிருந்தார். குப்பமுத்துவுக்குக் காவியைவிடப் பெயரில்தான் கண். புதுப் பெயர் ஒன்று தரவேண்டும் என்று கேட்டான். நாற்பத்தொரு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லக் கூசியவன் அவன். பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் சிரித்திருக்கிறார்கள்.

குரு அவனைவிட வயதில் இளையவர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டார்.

சொன்னான். முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நான்காவதாகப் பிறந்த இவனை ஊர்க்கோடிக் குப்பைமேட்டில் கிடத்தி, குப்பை கொடுத்த பிள்ளை என்று முறத்தில் ஏந்தி வந்தார்களாம். இவன் தங்கிவிட்டான்.

"துணி விரித்தா கிடத்தினார்கள்?"

"இல்லை சாமி. சாம்பலும் சாணமும் வைக்கோலும்தானே? வெறும் மேனியாகத்தான்."

"அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வாரும். பிறகு பெயரைப் பற்றிப் பேசுவோம்."

போனான். மேடு பனை உயரம் வளர்ந்திருந்தது. பிளாஸ்டிக் பைகள், குழந்தைகளுக்குக் கட்டிக் கழற்றிய பேம்பர்ஸ், மாத்திரை அட்டை, உடைந்த பல்பு. கால் வைக்க இடம் தேடினான்.

ஒரு பெண் மூட்டைகளைப் பிரித்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பச்சையம்மாள் என்று பெயர். பதினொரு மூட்டை பிரித்தவள், பன்னிரண்டாவதைப் பிரிக்காமல் காலால் ஒதுக்கினாள். அதன் வாய் காவித்துணிக் கிழிசலால் கட்டப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டான்.

"மடத்து மூட்டைண்ணே. இந்த முடிச்சைக் கண்டாலே கையை இழுத்துக்குவோம். சோத்துக்குள்ள கண்ணாடி கிடக்கும். போன மாசம் எனக்கு ஏழு தையல். கட்டுறது எந்த மகராசனோ, முடிச்சு மட்டும் நல்லாப் போடுறான்."

ஒன்பது வருஷமாக அந்த முடிச்சைப் போடுகிறவன் குப்பமுத்துதான். எச்சில் இலை, பால் பாக்கெட், உடைந்த விளக்குக் கண்ணாடி எல்லாம் ஒரே மூட்டை. நாற்றம் வெளியே வரக்கூடாது என்று குருவின் பழந்துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டுவான். வாசலில் வைத்தபின் திரும்பிப் பார்த்ததில்லை.

நான்தான் என்று அவன் சொல்லவில்லை. கை ஆறிவிட்டதா என்று மட்டும் கேட்டான். சோறு பிசைகிற அளவுக்கு ஆறிவிட்டதாம். யாரண்ணே நீங்க, பேரென்ன என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தான்.

குருவிடம் வந்து ஒன்றுவிடாமல் சொன்னான், தரையைப் பார்த்தபடி. ஒரு பிள்ளையைக் கிடத்த அங்கே ஒரு சாண் இடம் இல்லை என்றான். பேர் சொல்லாமல் ஓடிவந்ததையும் சொன்னான்.



"சாமி, பௌர்ணமிவரை காத்திருக்க வேண்டாம். பெயரை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். புதுப் பெயரோடு போய் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்."

"புதுப் பெயர்க்காரனுக்கு அந்த முடிச்சைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் குரு.