கொடிமல்லிப்பட்டியில் முழு சிக்னல்

குறுமலை நாட்டில் யானைப்படை உண்டு, அந்தப்புரம் உண்டு, வைஃபையும் உண்டு. இதெல்லாம் எப்படி ஒரே காலத்தில் என்று கேட்கிறவர்கள் வேறு கதைக்குப் போகலாம். அந்த நாட்டு ராஜா நீலகண்டராயர், முகம் கழுவுமுன்பே செல்போனைத் தடவுகிறவர்.

அவருடைய மந்திரி விருத்தகிரி ஒரு சட்டம் போட்டிருந்தார். அரண்மனைக்கு எந்த மனு வந்தாலும் நெட்டில்தான் வரவேண்டும். ஓலை, காகிதம், வாய்வார்த்தை எதுவும் செல்லாது. பூச்சந்தையில் பூ விற்கிறவர்களும் விடியுமுன் நெட்டில் பதிந்தாக வேண்டும். சபையில் எல்லாரும் கைதட்டினார்கள். விகடம் பேசிப் பிழைக்கிற சாத்தப்பன் மட்டும் தலையைச் சொறிந்தான்.

ஒருநாள் கோட்டை வாசலில் ஒரு பெண் காவலனோடு மல்லுக்கு நின்றாள். சாத்தப்பன் எட்டிப் பார்த்தான்.

"நெட்டுல மனுப் போடச் சொல்றாரு இந்த ஐயா. நெட்டு இல்லைங்கிறதுதானே என் மனுவே!"

"எந்த ஊர் தாயி?"

"கொடிமல்லிப்பட்டி. பேரு சீனியம்மா. எங்க ஊர்ல புளியமரத்து மேலதாங்க சிக்னலு. நடுக் கிளைக்கு ஏறினா பேச்சு வரும். உச்சிக் கிளைக்கு ஏறினாத்தான் படம் வரும், பூவைப் பதிய முடியும். ஏறுன எங்க வீட்டுக்காரரு விழுந்து, கால் ஒடஞ்சு கெடக்காரு. பதினோரு நாளா பறிச்ச பூவெல்லாம் குப்பைக்குத்தான் போகுது. இன்னும் பத்து நாள் இப்படியே போனா, செடியைப் பிடுங்கிட்டுக் கூலிக்குத்தான் போகணும்."

அவள் கூடையை இறக்கி வைத்தாள். மல்லிகையெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற சாத்தப்பனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. "வா தாயி" என்று சபைக்கே அழைத்துப் போய்விட்டான்.

மந்திரி அசரவில்லை. வரைபடத்தை விரித்தார். "பாருங்கள் மகாராஜா, கொடிமல்லிப்பட்டி பச்சை! முழு சிக்னல். என் ஆள் நேரில் போய் அளந்தான்."

"ஆமா சாமி, வந்தாரு" என்றாள் சீனியம்மா. "'சிக்னல் எங்க கெடைக்கும்'னு கேட்டாரு. மரத்தைக் காட்டினோம். ஏறி அளந்துட்டு, எறங்கிப் போயிட்டாரு."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மந்திரி முறைத்ததும் சிரிப்பு நின்றது. ராஜாவுக்குக் குழப்பம்.

"சாத்தப்பா! இந்தப் பக்கம் வரைபடம், அந்தப் பக்கம் இந்த அம்மா. யாரை நம்புவது? நாளைச் சபை கலைவதற்குள் எனக்கு உண்மையைக் காட்டு. ஆனால் நீ இந்தக் கோட்டையை விட்டு நகரக்கூடாது. காட்டினால் அந்த ஊருக்கு டவர். காட்டாவிட்டால் உன் ஆசனம் மந்திரியின் மைத்துனனுக்கு."

"நான் ஏன் நகரப்போகிறேன் மகாராஜா? மந்திரியார் நகர்ந்தால் போதும். நாளைச் சபைக்கு அவர் கொடிமல்லிப்பட்டியிலிருந்து வீடியோவில் வரட்டும். முழு சிக்னல் இருக்கிற ஊராயிற்றே!"

மந்திரி திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் விழித்தார். வரமாட்டேன் என்றால் வரைபடம் பொய்யாகிவிடும். அன்று மாலையே பல்லக்கு புறப்பட்டது.

மறுநாள் சபையில் பெரிய திரையைக் கட்டினார்கள். பத்து மணி ஆயிற்று, மந்திரியைக் காணோம். பத்தரை ஆயிற்று. சாத்தப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் ஏதாவது தந்திரம் பண்ணிவிட்டால்? மைத்துனன் அவன் ஆசனத்தை அதற்குள் கண்ணால் அளந்துகொண்டிருந்தான்.

திடீரென்று திரையில் ஒரு தலைப்பாகை வந்தது. அதைச் சுற்றிலும் இலை. மந்திரி ஒரு கையால் கிளையைக் கட்டிப் பிடித்திருந்தார். கழுத்தில் முசுறு எறும்பு ஊர்ந்தது.

"மகாராஜா! இங்கே சிக்னல் பிரமாதம்!"

ராஜா உதட்டைக் கடித்துக்கொண்டார். "சந்தோஷம். அதென்ன மந்திரியாரே, காதோரம் புளியங்காய்?"

"நிழலுக்கு... ஆ!... ஒதுங்கினேன் மகாராஜா!"

சாத்தப்பன் எழுந்து கும்பிட்டான். "ஒன்றும் வேண்டாம் மகாராஜா. இதையே தரையில் நின்று ஒரு தரம் சொல்லச் சொல்லுங்கள்."

"இறங்கும்!" என்றார் ராஜா.

மந்திரி இறங்கினார். ஒரு கிளை இறங்கியதும் திரையில் அவர் மூக்கு கட்டம் கட்டமாக உடைந்தது. நடுக் கிளைக்கு வந்ததும் படம் போய்க் குரல் மட்டும் மிஞ்சியது. "சிக்னல் பிரமா..." அவ்வளவுதான். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றும் சபைக்கு வந்திருந்த சீனியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் காலடியில் இருந்த கூடையைப் பார்த்ததும் ராஜாவின் சிரிப்பு நின்றது. அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"டவர் எழுப்புங்கள். அதுவரை அந்த ஊர்ப் பூவை என் ரதம் போய் அள்ளி வரட்டும். பதிவு கிதிவு ஒன்றும் வேண்டாம்" என்றார். தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார். "மந்திரி பாவம், திரும்பி வரச் சொல்லி ஆள் அனுப்புங்கள்."

"அது சட்டப்படி ஆகாதே மகாராஜா" என்றான் சாத்தப்பன். "ஊர் திரும்ப அனுமதி கேட்டு அவர் மனுப் போட வேண்டும். அதுவும் நெட்டில்."

"வாயால் கேட்டால்?"

"வாய்வார்த்தை செல்லாது. அவர் போட்ட சட்டம்தான்."

"மறுபடி மரம் ஏறலாமே?"

"முசுறு விடாது மகாராஜா."

ராஜா மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். "சரி, சட்டம் சட்டம்தான்!"

வேறு ஊர்களில் வருஷக்கணக்காக இழுக்கிற டவர் வேலை, கொடிமல்லிப்பட்டியில் எட்டே நாளில் முடிந்தது. மந்திரியாரே நின்று செங்கல் சுமந்தாராம். டவர் வழியே நெட்டில் முதலில் ஏறியது சீனியம்மாவின் மல்லிகை. மந்திரியாரின் மனு நாற்பத்தேழாவது. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார், ஊர்க்காரர்கள் வரிசையில் அவரை முந்தவிடவில்லை.