அந்தரத்தில் நின்ற ஓவியம்

தணிகாசலம் காகிதத்தை மூலையில் பிடித்து மெல்ல உரித்தார். மசி பூசிய பலகையை விட்டு அது சிணுங்கிக்கொண்டே வந்தது.

"பாருங்க டீச்சர். யாருன்னு சொல்லுங்க."

பிலோமினா டீச்சர் அவரைவிடப் பத்து வயது சிறியவர். மரத்தில் செதுக்கி அச்செடுக்க அவருக்குக் கற்றுக்கொடுப்பவர். காகிதத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

அதில் ஒரு வரவேற்பறை. தொப்பையும் பனியனுமாக ஒருவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, சோபாத் தலையணையைத் தூக்கி ஓர் ஓவியத்தோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறார்.

"பேங்க் மேனேஜர் சேஷகிரி. போன மாசம் உங்க படத்தை வாங்கினவர்."

"கண்காட்சிக்கு வருவார். எல்லார் முன்னாடியும் இதைப் பார்க்கணும். அப்ப அந்த மூஞ்சியை நான் பார்க்கணும்." தணிகாசலத்தின் குரலில் சிரிப்பு இல்லை. "அவருக்குக் குத்துமா டீச்சர்?"

"தலையணைப் பூ நல்லா வந்திருக்கு. இந்த ஓவியம் ஏன் அந்தரத்துல நிக்குது?"

"நிக்கட்டுமே. அது முக்கியமில்ல."

"அன்னைக்கு அவர் வீட்டுல படத்தை யார் பிடிச்சிட்டிருந்தாங்க?"

"நான்தான்."

"அவர் என்ன சொன்னார்?"

"கொஞ்சம் இடது பக்கம்னார். அப்புறம் நீலத்தைக் குறைச்சுத் தர முடியுமான்னார்."

"நீங்க?"

தணிகாசலம் விரலில் இருந்த மசியைத் துணியில் துடைத்தார். துடைத்த விரலையே மறுபடி துடைத்தார்.

"குறைச்சுக் கொடுத்தேன். வீடுன்னு ஒண்ணு இருக்கே டீச்சர்."

"அவருக்கும் இருக்கு. அதுலதான் சோபா போட்டிருக்கார்."

"சரி, என் கையையும் செதுக்கிடறேன்."

உளியை எடுத்துப் பலகை மேல் குனிந்தார். கையைச் செதுக்க ஓவியத்தின் இரு பக்கமும் மரம் மிச்சமில்லை. மசி ஒட்டாமல் வெள்ளையாக வரட்டும் என்று அவரே ஆழமாகத் தோண்டி எடுத்திருந்தார். உளி அப்படியே நின்றது.

"அப்ப இதை மாட்டக் கூடாதா?"

"மாட்டலாம். எல்லாரும் சிரிப்பாங்க. சேஷகிரியும் சிரிப்பார்."

தணிகாசலம் அச்சைக் கவிழ்த்து வைத்தார்.

டீச்சர் அலமாரியிலிருந்து செதுக்காத பலகை ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"பிடிங்க. அன்னைக்குப் பிடிச்ச மாதிரி."

தணிகாசலம் சுவரோரம் போய் நின்று, பலகையை இரு கையாலும் உயர்த்திப் பிடித்தார். முகம் அதன் பின்னால் மறைந்தது. விரல்கள் மட்டும் தெரிந்தன.

டீச்சர் அவரை வரைய முக்காலியில் உட்கார்ந்து காகிதமும் பென்சிலும் எடுத்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் இடது பக்கம்."

பலகை இடது பக்கம் நகர்ந்தது.