மூடியைத் தொடாம

“இல்ல ரெஜினம்மா, பெட்ரோல் தீந்து நிக்கல. அரை டேங்க் கெடக்கு. கொஞ்ச தூரம் போனதும் விக்கும், நின்னுரும்.”

கஸ்பார் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவரு. ஊருக்கு வந்த கையோட பழைய படகு ஒண்ணும், அதைவிடப் பழைய சின்ன இன்ஜின் ஒண்ணும் வாங்கினாரு. கடற்கரையில இன்ஜின் ரிப்பேர் பாக்கிற ரெஜினம்மாகிட்ட தொழில் கத்துக்கிறாரு. வயசுல அவங்க இவருக்குத் தங்கச்சி.

இன்னைக்குத் திருவிழா. சாயங்காலம் மாதா சுரூபம் கடல்ல பவனி போறது இவரு படகுலதான். போன வருஷம் வரை மச்சான் ரோமால்டு படகுல போச்சு. நடுக்கடல்ல நின்னா மாதா மன்னிக்கும். மச்சான் மன்னிக்க மாட்டான்.

“என்னல்லாம் செஞ்சீங்க அண்ணாச்சி?”

“பிளக்கு மாத்தியாச்சு. கார்ப்பரேட்டரு கழுவியாச்சு. திருவிழாவுக்குன்னு பெயின்ட் கூட அடிச்சாச்சு, டேங்குக்கும் சேத்து.”

“நின்னதும் என்ன செய்வீங்க?”

“மூடியத் திறந்து பெட்ரோல் இருக்கான்னு பாப்பேன்.”

“அப்புறம்?”

“கயித்த இழுத்தா ஓடும். கொஞ்ச நேரத்துல மறுபடி நிக்கும்.”

ரெஜினம்மா படகுல ஏறி உக்காந்தாங்க.

“போங்க.”

கரை சின்னதாகிறப்ப இன்ஜின் விக்குச்சு. நின்னுச்சு.

கஸ்பார் கை தானா மூடிக்குப் போச்சு. ரெஜினம்மா அந்தக் கையப் பிடிச்சு அவரு மடியிலயே வச்சாங்க.

“பெட்ரோல் இருக்கான்னு...”

“இருக்கு.”

“அப்ப நான் எதைப் பாக்க?”

அவங்க முந்தானையத் தலையில போட்டுக்கிட்டாங்க. நாலு மணி வெயிலு.

கயித்த இழுத்தாரு. ஓடல. மறுபடி இழுத்தாரு. ஓடல.

“பஸ்ஸா இருந்தா ஆளுகள இறங்கித் தள்ளச் சொல்லலாம்.”

“நான் இறங்கணுமா?”

வேற வழி இல்லாம, டேங்குல இருந்து இன்ஜினுக்குப் போற டியூபப் பாத்தாரு. நடுவுல, பெட்ரோல அமுக்கி ஏத்துற ரப்பர் பந்து, சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிக் கெடந்துச்சு. யாரும் அமுக்கல.

“இன்ஜின் இழுக்குது”ன்னாரு. “டேங்கு விடமாட்டேங்குது.”

ரெஜினம்மா கடலப் பாத்தாங்க.

“பெட்ரோல் போன எடத்துக்குக் காத்து வரணும்லா. காத்து எந்த வழியா வரும்?”

கையப் பின்னால கட்டிக்கிட்டு மூடிமேல குனிஞ்சாரு. நடுவுல, காத்துக்குன்னு ஊசிக்கண் அளவுல ஒரு ஓட்டை இருக்கணும். ஓட்டையக் காணோம். அவரு அடிச்ச செவப்பு பெயின்ட்டு மழமழன்னு மூடியிருந்துச்சு.

தூண்டில் முள்ள எடுத்துக் குத்தினாரு.

உஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சு. ரப்பர் பந்து உப்பிச்சு. ஒரே இழுப்பு.

இன்ஜின் போட்ட சத்தத்துல கரைக் காக்கா பூரா எந்திரிச்சுப் பறந்துச்சு. கஸ்பார் நேரா கரைக்கு வரல. கரையோரம் மெதந்த ரோமால்டு படகச் சுத்தினாரு, அவன் வலைய அலசுறத விட்டுட்டு நிமிந்து பாக்கிற வரை.

எறங்கினப்பதான் அவருக்கு உறைச்சுது.

“மூடியத் திறந்தா ஓடுதுன்னு சொன்னப்பவே உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாம்லா?”

“பவனிக்கு நான் படகுல வரலையே அண்ணாச்சி.”

கஸ்பார் ஏதோ கேக்க வாயெடுத்தாரு.

“கஸ்பாரண்ணே,” கோயில் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டாங்க. “சுரூபம் கோயில விட்டு எறங்கியாச்சு. படகக் கொண்டாங்க.”

வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போனாரு.