தலைவர் தொடங்கிவைத்த ஆட்டம்

2011 ஏப்ரல் 17, மாலை நான்கு மணி. கொடிமரத் தெரு அணியின் பதினோரு பேரும் தயார். ஜெர்சி துவைத்து, பந்துக்குக் காற்றடிக்கும் ஏசுபாதம்தான் வாசலைப் பார்த்தபடி நின்றார். இந்த ஆட்டத்தை வென்றால் அணிக்கு முதல் டிவிஷன். ஆனால் கால்பந்துக் கழகத் தலைவர் வரதப்பன் அவரிடம், “நான் கைகொடுத்து, பந்தை உதைச்சுத் தொடங்கிவைக்கணும். இல்லேன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதே” என்று காலையிலேயே சொல்லியிருந்தார். தலைவர் எங்கேயும் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வருவார். நடுவரோ, கால்மணி நேரத்துக்கு மேல் பொறுக்க மாட்டேன், எதிரணி வென்றதாக எழுதிவிடுவேன் என்றார்.

“நீங்க ஆடுங்கப்பா, தலைவரை நான் பார்த்துக்கறேன்” என்றார் ஏசுபாதம்.

தலைவர் வந்தபோது இடைவேளை அப்போதுதான் முடிந்திருந்தது. ஏசுபாதம் இரண்டு அணியையும் வரிசையாக நிற்கவைத்தார். தலைவர் கைகொடுத்தார், பந்தை உதைத்தார், புகைப்படத்துக்குச் சிரித்தார். அதன்பின் கோலே விழவில்லை. கடைசி விசில் ஊதியதும் பையன்கள் துள்ளிக் குதித்தார்கள்.

“ஏன்யா குதிக்கிறானுங்க? பாதி ஆட்டம்தானே முடிஞ்சிருக்கு?”

“ஜெயிச்சுட்டோம் ஐயா, ஒண்ணுக்குப் பூஜ்யம்.”

“கோல் எப்போ விழுந்துச்சு?”

“நீங்க கார்ல வந்துக்கிட்டிருந்தப்போ.”

“அப்போ நான் எதைய்யா தொடங்கிவெச்சேன்?”

“இரண்டாவது பாதியை, ஐயா.”

கேலரியே சிரித்தது.

2012 ஜனவரி 8 அன்று மாலை நான்கு மணிக்கு நடந்த முதல் டிவிஷன் ஆட்டத்துக்குத் தலைவர் மூன்றரை மணிக்கே வந்துவிட்டார். ஏசுபாதம் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.