பின்னால் வந்தவர்கள்

"அம்மா, நான் போறனுங்க."

செங்கோடன் வந்து நின்றபோது பூவாத்தாள் அம்மா முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. சமையலும் அவர்தான்.

"எங்கே?"

"ஊருக்குங்க. இப்பவே."

காலையில் ஒரு வளையல்காரர் வந்திருந்தார். கூடையை இறக்கிவைத்ததும் ஊர்ச் சேதியையும் இறக்கிவைத்தார். செங்கோடனின் தங்கை தேவானைக்கு நாளைக்குக் கல்யாணம். அவள் கைக்கு அளவெடுத்து வளையல் போட்டுவிட்டுத்தான் வருகிறாராம். ஊரையே அழைத்தாயிற்று.

அண்ணனை மட்டும் அழைக்கவில்லை.

"எங்கப்பாவை நாலு கேள்வி கேட்கணுமுங்க. பந்தல்ல வெச்சே கேட்கணும். கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும்."

அவன் எப்போதுமே அப்படித்தான். மனசு ஒன்றை நினைத்து முடிப்பதற்குள் கால் வாசலைத் தாண்டியிருக்கும். வீட்டை விட்டு வந்ததும் அப்படித்தான். ஒரு சாயங்காலம் அப்பாவோடு வாய்த்தகராறு. "இனி இந்த வாசப்படியை மிதிச்சா நான் மனுசனே இல்லை" என்று ஒரு சொல். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் மடத்தில் வந்துதான் நின்றான்.

அம்மா முறத்தைச் சாய்த்து வைத்தார். செருப்பைத் தேடி மாட்டினார்.

"சரி. நட."

"நீங்க எதுக்குங்க?"

"இங்கே வந்த அன்னைக்கு என்ன சொன்னே?"

"நீங்க போற வழியில நான் வர்றேன்னு சொன்னனுங்க."

"இன்னைக்கு நீ போற வழியில நான் வர்றேன்."

அடுப்படியில் இருந்த புளிச்சோற்றைத் துணியில் கட்டி அவனிடம் கொடுத்துவிட்டு அவர் கிளம்பியே விட்டார்.

---

வண்டிப்பாதை வளைந்து வளைந்து போனது. செங்கோடனுக்குப் பொறுக்கவில்லை.

"குறுக்கே விழுந்து போயிடலாமுங்க, அம்மா."

"சரி."

குறுக்கு வழி முழுக்க முள்ளடர்ந்த வேலாங்காடு. கொஞ்ச தூரத்தில் அம்மாவின் செருப்பு வார் அறுந்தது.

"இதைத் தச்சுட்டிருந்தா நேரமாயிருமுங்க. விட்டுட்டு வாங்க."

"சரி."

செருப்பை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார்.

காடு தாண்டியதும் ஓர் ஆட்டுக்காரர் எதிரே வந்தார். சோற்று மூட்டை செங்கோடனின் தோளில் ஆடி ஆடி இடித்துக்கொண்டிருந்தது.

"சனியன், பாரம். இதை இவருக்குக் குடுத்திடலாமுங்க. ஊருக்குப் போனா கல்யாணச் சோறு இருக்கு."

"நிறுத்தப்போற கல்யாணத்துச் சோறா?"

அவன் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினான்.

"சரி, குடு" என்றார் அம்மா.

வெயில் உச்சிக்கு வந்தது.

"எனக்குப் பசிக்குது, செங்கோடா."

"மூட்டையைத்தான் குடுத்துட்டமேங்க."

"ஆமா, குடுத்துட்டோம்."

அவர் குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். சரி சரி என்று சொல்கிறவரை என்ன செய்வது? முன்னைவிட எட்டி நடந்தான். பின்னால் அவர் நடை ஒரு மாதிரி விழுந்து விழுந்து கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

---

ஆற்றங்கரையில் ஒரு பாரவண்டி அவிழ்த்துக் கிடந்தது. மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஆறு செந்தண்ணியாக, நுரையும் சருகுமாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் தென்னை மரங்கள் தெரிந்தன. அதற்கு அப்பால்தான் அவன் ஊர்.

"மேக்கே நல்ல மழை" என்றார் வண்டிக்காரர். "காட்டாறு. வந்த வேகத்துல வடிஞ்சிரும். நானே மாட்டை இறக்காம உட்கார்ந்திருக்கேன்."

"எத்தனை நேரமாகுமுங்க?"

"அதை ஆத்தைத்தான் கேட்கணும்."

செங்கோடன் வேட்டியை மடித்துக் கட்டினான்.

"இடுப்பளவுதானுங்க இருக்கும். இறங்கிடலாம், அம்மா."

"சரி."

அவன் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது அம்மா அவனுக்கு முன்னால் தண்ணீரில் நின்றார். முழங்கால். தொடை. இன்னும் போய்க்கொண்டிருந்தார்.

"ஏய், அந்தம்மாவைப் பிடிப்பா!" என்று வண்டிக்காரர் கத்தினார்.

அவன் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தபோது தண்ணீர் இருவருக்கும் இடுப்பைத் தாண்டியிருந்தது. காலுக்குக் கீழே மணல் கரைந்துகொண்டிருந்தது.

"அம்மா, உங்களுக்கு நீச்சல் தெரியுமாங்க?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்குங்க இறங்குனீங்க?"

"நீ சொன்னே."

ஒரு முறிந்த கிளை அவர்களை உரசிக்கொண்டு போனது. அம்மா தடுமாறினார். அவர் கை வழுக்கியது. அவன் மணிக்கட்டைப் பற்றினான்.

"முன்னாலயா, பின்னாலயா? சொல்லு" என்றார் அம்மா. "நீ எதைச் சொன்னாலும் சரி."

செங்கோடன் தென்னை மரங்களைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். தன் பிடியில் இருந்த மணிக்கட்டைப் பார்த்தான். அது இவ்வளவு ஒல்லியானது என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

வாயில் வந்த சொல்லை விழுங்கினான்.

"பின்னாலங்க" என்றான்.

---

கரையில் அம்மா நனைந்த சேலையோடு வண்டி நிழலில் உட்கார்ந்தார். பல் கிடுகிடுத்தது. வண்டிக்காரர் ஒரு சாக்கை எடுத்துப் போர்த்திக்கொள்ளக் கொடுத்தார்.

செங்கோடன் ஒரு குச்சியை ஒடித்து, தண்ணீர் கரையைத் தொடும் இடத்தில் நட்டான். அதன் பக்கத்திலேயே குந்தினான்.

"போலாமா?" என்றார் அம்மா.

"இன்னும் இல்லைங்க."

சற்று நேரம் போனது.

"குச்சியைத் தாண்டி வடிஞ்ச மாதிரி இருக்கே. போலாமா?"

"இன்னும் இல்லைங்க, அம்மா."

"நாளைக்குக் கல்யாணம். நாலு கேள்வி வேற இருக்கு."

வண்டிக்காரர் சிரித்தார். "பையன் பொறுமைசாலி. அம்மாவுக்குத்தான் அவசரம்."

செங்கோடனுக்குச் சிரிப்பு வரவில்லை. கை கால் பரபரத்தது. எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தபோதுதான் அம்மாவின் பாதம் கண்ணில் பட்டது. குதிகாலில் ஒரு வேலாமுள், முக்கால்வாசி உள்ளே. சுற்றிலும் வீங்கிச் சிவந்திருந்தது.

அவரருகே உட்கார்ந்து பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். கரையோர வேலியில் இன்னொரு முள்ளை ஒடித்து, அதைக்கொண்டு மெல்ல நெம்பினான். வேகமாக இழுத்தால் உள்ளேயே முறிந்துபோகும்.

"எப்பங்க குத்துச்சு?"

"குறுக்கு வழியில."

"கூப்பிட்டிருக்கலாமுங்களே."

"கூப்பிட்டேன். நீ வேகமாப் போயிட்டிருந்தே."

முள் வெளியே வந்தது. அவன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் தங்கச்சி எப்படிப்பட்டவ?" என்று கேட்டார் அம்மா.

"வாயாடிங்க. எதுன்னாலும் 'அண்ணா, அண்ணா'ன்னு பின்னாலயே வருவா. நான் வீட்டை விட்டு வந்தன்னைக்கு ஊர் எல்லை வரைக்கும் ஓடி வந்தா. வெறுங்கால்ல. கூப்பிட்டுக்கிட்டே வந்தா."

"நீ திரும்பிப் பார்த்தியா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"நான் வேகமாப் போயிட்டு..."

வாக்கியம் அங்கேயே நின்றது.

அம்மா பாதத்தை மெதுவாக அவன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

---

குச்சி இப்போது காய்ந்த மணலில் நின்றது. தண்ணீர் வெகுவாக உள்வாங்கியிருந்தது. நடு ஆற்றில் பாறைகள் முதுகு காட்டின.

"இப்பப் போகலாமுங்க" என்றான் செங்கோடன். "ஆனா நான் மட்டும்."

"நான் உன் வழியில வர்றதாத்தானே பேச்சு?"

"வழி எனக்கே இன்னும் சரியாப் புடிபடலைங்க. இந்தக் காலோட உங்களை இழுத்துட்டுப் போக மாட்டேன்." வண்டிக்காரரைப் பார்த்தான். "அண்ணா, அக்கரைக்கு வண்டி ஓட்டும்போது அம்மாவை ஏத்திக்குவீங்களா? தென்னந்தோப்புல ஒரு சாவடி இருக்கு. அங்கே இறக்கிவிட்டா, நான் சோறு கொண்டுவந்து குடுத்துக் கூட்டிட்டுப் போறேன்."

"அதுக்கென்ன. மாட்டைப் பூட்ட இன்னும் கொஞ்சம் வடியட்டும்."

அம்மா சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நாலு கேள்வியும் ஞாபகம் இருக்கா?"

அவன் யோசித்தான். அவ்வளவு நேரம் அவன் யோசித்து அம்மா பார்த்ததில்லை.

"ஒண்ணுதானுங்க இருக்கு. அதுவும் அப்பாவைக் கேட்கறதுக்கு இல்லைங்க."

"பின்னே?"

"தேவானையைக் கேட்கணுங்க."

அம்மா அவன் கையில் இன்னும் இருந்த முள்ளைப் பார்த்தார்.

வண்டியில் கிடந்த ஒரு மூங்கில் கழியை வாங்கிக்கொண்டு செங்கோடன் இறங்கினான். கழியை ஊன்றி ஆழம் பார்த்தான். ஒரு கால் வைத்தான். அது நிலைத்தபிறகு மறுகால். வழுக்குப்பாறை வந்தால் சுற்றிப்போனான். கால் வைக்க வாட்டமான கல் கிடைத்தால் அதன்மேல் கழியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான், யாருக்கோ காட்டுவதுபோல.

"ஏம்ப்பா!" என்று கரையிலிருந்து வண்டிக்காரர் கத்தினார். "தண்ணிதான் முழங்காலுக்கு வடிஞ்சிருச்சே! ஒத்தை ஆளு போறதுக்கு இத்தனை பதனமா?"

செங்கோடனுக்கு அது கேட்கவில்லை.

அக்கரையில் மேடு செங்குத்தாக இருந்தது. வேரைப் பிடித்து ஏறினான். காலை அகட்டி நன்றாக ஊன்றிக்கொண்டான்.

பிறகு குனிந்து, பின்னால் யாரோ ஏறி வருவதுபோல, ஆறு இருந்த பக்கமாகக் கையை நீட்டினான்.